விழிப்பில் ஒன்று விழுந்தவன்

உலகநாதன் தன் கண்ணெதிரே இருந்த சிக்கன் சிக்ஸ்டி ஃபைவைத் தேடிக்கொண்டிருந்தான். தட்டு அவன் மூக்குக்கு நேர்கீழே இருந்தது. ஆவி பறந்தது. அவன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான்; நாற்காலியைத் தூக்கிப் பார்த்தான்; கடைசியில் எங்கள் மூவர் முகத்தையும் சந்தேகத்தோடு பார்த்தான்.

“ஏல, ஆர்டர் பண்ணியாச்சா இல்லயா?”

“அது வந்து எவ்வளவு நேரமாச்சு,” என்றாள் ஜெனிட்டா, அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டபடி.

“எங்க?”

“பகடைய உருட்டு. விழிப்புல பத்துக்கு மேல விழுந்தா தெரியும்.”

உருட்டினான். நான்கு விழுந்தது. மிச்சத் துண்டுகளை நாங்கள் மூவரும் நியாயமாகப் பங்கிட்டுக்கொண்டோம். உலகு அந்த எலுமிச்சைத் துண்டைக்கூடப் பார்க்கவில்லை. மூளை ஆராய்ச்சியில் அது ஒரு பெரிய நாள். சிக்கனைப் பொறுத்தவரை சுமாரான நாள். உப்பு கொஞ்சம் தூக்கல்.

இது நடந்தது திருநெல்வேலியில், எங்கள் பொறியியல் கல்லூரிக்கு எதிரே இருக்கும் புரோட்டா கடையின் மாடி ஏசி அறையில். அந்த ஏசி வேலை செய்யாது என்பது ஊருக்கே தெரியுமாதலால் ஞாயிறு மதியம் ஒருவரும் வரமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு புரோட்டாவாவது சாப்பிட்டால் சாயங்காலம்வரை உட்காரலாம் என்று கடைக்கார அண்ணாச்சி அனுமதித்திருந்தார். அங்கே நாங்கள் கருங்கோட்டை ஆடினோம்.

கருங்கோட்டை என்பது பேசியே ஆடுகிற ஆட்டம். கம்ப்யூட்டர் திரை கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் ஓடிப்போகிறேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். கதையை நடத்துபவன் மன்சூர். விதிப்புத்தகத்தை எழுதியவனும் அவன்தான். அதில் தன்னை ‘ஆட்ட நடத்துநர்’ என்று குறிப்பிட்டிருந்தான்; நாங்கள் கண்டக்டர் என்றோம். உலகு மல்லன். ஜெனிட்டா களவாணி. நான் மந்திரவாதி. என் பெயர் இசக்கிமுத்து. மந்திரவாதியின் பெயரும் இசக்கிமுத்துதான். இன்னொரு பெயர் யோசிக்கச் சோம்பல்.

இந்த ஆட்டத்தில் உண்மையான சண்டை வாளால் வருவதில்லை. விழிப்பு என்ற திறமையால் வரும். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க விழிப்புக்காகப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் தொலைந்தது.

“நீ தோத்துட்ட. புதருக்குப் பின்னால புலி இருக்கது உன் மந்திரவாதிக்குத் தெரியாது,” என்பான் மன்சூர்.

“எனக்குத் தெரியுதே. இப்பத்தான நீ சொன்ன.”

“உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.”

“அவன் நான்தான?”

“நீதான். ஆனா தெரியாத நீ.”

தெரிந்த நான் தெரியாத நானாக நடிக்க வேண்டும். எனக்கு அது பரீட்சை ஹாலில் மட்டுமே இயல்பாக வரும். உலகுக்கு எங்கேயும் வராது. “நான் புலியப் பாக்கல. சும்மா பொழுதுபோக்குக்கு அந்தப் புதர்ல ஒரு ஈட்டிய எறியுதேன்,” என்பான். மன்சூர் புத்தகத்தைச் சுருட்டி அவன் தலையில் அடிப்பான். ஒவ்வொரு ஞாயிறும் இந்தச் சண்டையோடு முடிந்தது.

அதை ஜெனிட்டா தீர்த்துவைத்தாள். நாங்கள் எல்லாருமே மூன்றாம் வருஷம். அவள் மட்டும் மருத்துவப் பொறியியல்.

முந்தின வருஷம் எங்கள் கல்லூரி நிர்வாகம் மாணவர்களின் கவனத்தைக் கூட்டுவதற்காக நெற்றிப்பட்டைகள் வாங்கியிருந்தது. மூளையில் ஓடுவதைப் படித்து, அதைத் தட்டிக்கொடுத்து ஒரே பொருளின் பக்கம் திருப்பும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். திருப்பியது. வகுப்பு மொத்தமும் ஒரே மனதாக ஜன்னலுக்கு வெளியே ஓர் அணிலைக் கவனித்தது. முன்மாதிரியாக இருப்பதற்காகப் பேராசிரியரும் பட்டை மாட்டியிருந்ததால் அவரும் கவனித்தார். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பட்டைகள் ஸ்டோர் ரூமுக்குப் போயின. ஜெனிட்டா போய்க் கேட்டபோது, தொல்லை விட்டது என்று ஒரு பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

“இதுக்குக் கூட்டத் தெரியல,” என்றாள் எங்களிடம். “ஆனா கொறைக்க ரொம்ப நல்லாத் தெரியுது. அணிலத் தவிர மத்த எல்லாத்தையும் கொறச்சிருக்கு, கவனிச்சீங்களா?”

“அப்ப இத மாட்டுனா கண்ணு அவிஞ்சிருமா?” என்றான் உலகு.

“கண்ணு நல்லாத் தெரியும்ல. மேல ஃபேன் ஓடுதே, சத்தம் கேக்குதா?”

கேட்டது. கடகடவென்று, டிராக்டர் மாதிரி.

“நான் சொல்லுததுக்கு முன்னால கேட்டுச்சா?”

மூவரும் மேலே பார்த்தோம்.

“காதுக்கு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. மூளை ‘நீ வேண்டாம், போ’ன்னு திருப்பி அனுப்பிட்டு. எதயெல்லாம் அப்படித் திருப்பி அனுப்பணும்னு இந்தப் பட்டை மூளைக்குச் சொல்லிக் குடுக்கும். புலி வேண்டாம்னா புலி. சிக்கன் வேண்டாம்னா சிக்கன். மறுபடி வேணும்னா திருப்பி ஒரு தட்டு.”

இனி யாரும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். விழிப்பில் தோற்றவனுக்கு உண்மையாகவே தெரியாது. மன்சூர் ஆனந்தத்தில் எழுந்து நின்றான். எழுதிய விதி நிஜமாவதைப் பார்க்கும் பாக்கியம் சட்டசபையில் இருப்பவர்களுக்கே வாய்ப்பதில்லை.

அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். விதிகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்லிப் பட்டைகளை இயக்குவது ஒரு நிரலாக இருக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை அதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட வேண்டும். “என்னய நம்பாதீங்க. முட்டை புரோட்டா வாங்கிக் குடுத்தா நான் புலியப் பூனையாக்கிருவேன்,” என்றான். ஆக்கியிருக்கிறான். ஜெனிட்டா அப்படியே செய்தாள். அவளே நினைத்தாலும் திறக்க முடியாத பூட்டு. நிரலுக்கு ஒரு குரல் வேண்டுமே என்று இலவசமாகக் கிடைத்த ஒரு தமிழ்க் குரலைப் போட்டாள். அது ஏதோ அலுவலகத்துக்காகத் தயாரித்த குரல். முதல் வாக்கியமே “மனு பரிசீலனையில் உள்ளது” என்று வந்தது. அன்றிலிருந்து அதன் பெயர் தாசில்தார்.

*

சிக்கன் மறைந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு நாங்கள் கருங்கோட்டையின் பொக்கிஷ அறைக்குள் நுழைந்திருந்தோம். ஒரு மாணிக்கம் யாருக்கு என்று களவாணிக்கும் மந்திரவாதிக்கும் தகராறு.

“நான் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுதேன்,” என்று ஜெனிட்டா பகடையை உருட்டினாள். இருபது.

நான் விழிப்புக்கு உருட்டினேன். ஒன்று.

இருபதுக்கு எதிரே ஒன்று. உலகு எழுந்து நின்று கைதட்டினான். மேசைமேல் இருந்த தாசில்தாரின் ஒலிபெருக்கிப் பெட்டி தொண்டையைச் செருமியது. “இசக்கிமுத்து, களவாணியைக் கவனிக்கமாட்டார். உத்தரவு உடனடியாக அமலுக்கு வருகிறது.”

ஜெனிட்டா மறைந்துவிடவில்லை என்று பிறகு சொன்னார்கள். எதிர் நாற்காலியில்தான் இருந்தாளாம். எனக்கு அந்த நாற்காலி காலியாக இருப்பதாகக்கூடத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் பார்க்க வேண்டிய அவசியமே தோன்றவில்லை.

அதுவரை நாங்கள் மறைத்ததெல்லாம் பொருள்கள். சிக்கன், ரப்பர் புலி, மன்சூரின் செருப்பு. ஓர் ஆட்டக்காரரின் பாத்திரத்தை மறைத்ததில்லை. களவாணிக்கென்று தனியாக ஒரு முகமும் வாயும் கிடையாது. அவள் பேசுவது ஜெனிட்டாவின் வாயால். களவாணி எனக்குத் தெரியக் கூடாது என்றால் ஜெனிட்டா எனக்குத் தெரியக் கூடாது. இது எல்.கே.ஜி. பிள்ளைக்குப் புரிந்திருக்கும். நாங்கள் நான்கு பேரும் பொறியாளர்கள் ஆகப்போகிறவர்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி மேலே வந்தார். “தம்பிகளா, பாப்பா, கெளம்புங்க. ஒரு பொண்ணு வீடும் மாப்பிள்ள வீடும் பேசி முடிக்க வாராங்க. நல்ல எடம் கேட்டாங்க, மாடிய சொல்லிட்டேன்.”

பட்டைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஆட்டம் பாதியில் நின்றது.

மறுநாள் கேன்டீனில் நான் மன்சூரிடம் கேட்டேன். “ஜெனி ஏன் இன்னைக்கு வரல?”

அவன் கையிலிருந்த வடை நின்றது. “உன் பக்கத்துலதான்ல இருக்கா.”

நான் திரும்பிப் பார்த்தேன். சுவர் இருந்தது.

“என்ன சொல்லுதா?”

“எருமைங்கா,” என்றான் உலகு.

சில நிமிஷங்கள் அது உலகத்திலேயே பெரிய வேடிக்கையாக இருந்தது. என் தட்டிலிருந்து இட்லி குறைந்தது. என் பேனா எனக்கெதிரே நின்று ஆடியிருக்கிறது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேனாம். மன்சூருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஆச்சரியம் என்னவென்றால் என் உடம்புக்கு அவள் தெரிந்தாள். வராந்தாவில் அவள் எதிரே வந்தால் என் கால் தானாக விலகி வழிவிட்டதாம். அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறேன். எதற்கு நீட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

“உன் காலு என்னயப் பாக்குது. நீதான் பாக்க மாட்டேங்க,” என்றாளாம். இந்தக் கதையில் அந்த வாரம் அவள் பேசியதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லப்பட்டவை. உலகு சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டு எழுதுகிறேன்.

பட்டையைக் கழற்றிவிட்டோமே, பிறகென்ன என்று மன்சூர் கேட்டான்.

“பட்டை மூளைக்குப் பாடம் எடுத்துட்டுல. பட்டையக் கழட்டுனா பாடம் மறந்திருமா? பரீட்சைக்குப் படிச்சதுதான் அப்படி மறக்கும்,” என்றாளாம் ஜெனிட்டா. சிரிப்பு அப்போதுதான் அவளுக்கு நின்றதாம். “தாசில்தார் திருப்பித் தட்டணும். எந்த எடத்துல எப்படித் தட்டுச்சுங்கது அதுகிட்ட மட்டுந்தான் இருக்கு. நிரல அழிச்சா அதுவும் போயிரும். வார ஞாயித்துக்கெழமைய தாண்டுனா இவன் மூளை அதயே பழகிக்கிடும். அதுக்கப்புறம் நான் இவனுக்குச் சாகுற வரைக்கும் ஃபேன் சத்தந்தான்.”

*

அன்று சாயங்காலமே மாடியில் கூடினோம். மன்சூர் பெட்டியை இயக்கி, தன் முழு அதிகாரத்தோடு சொன்னான்: “காட்சி முடிந்தது.”

“நாற்பத்தொன்றாம் விதி,” என்றது தாசில்தார். “விழிப்பில் தோற்றவர், சூழ்நிலை மாறும்வரை, அதே நபரை மறுபடி தேட இயலாது. காட்சி முடிந்தாலும் ஒளிந்தவர் ஒளிந்தவரே; அவர் வெளிப்படும்வரை ஆட்டத்தையும் முடிக்க இயலாது. மனு தள்ளுபடி.”

ஜெனிட்டா ஏதோ சொல்லியிருக்கிறாள். எனக்குக் கேட்டது பதில் மட்டும்.

“களவாணி வெளியே வந்ததாக அறிவிப்பது செல்லாது. வெளியே வந்ததை எதிராளி கவனிக்க வேண்டும். கவனித்தாரா என்பதற்கு விழிப்புச் சோதனை தேவை. சோதனைக்குச் சூழ்நிலை மாற வேண்டும். மாறியதை எதிராளி கவனிக்க வேண்டும்.”

“இத எந்தக் கிறுக்கன்ல எழுதுனான்?” என்றேன்.

மன்சூர் தன் நகத்தைப் பார்த்தான். “ஒளிஞ்சிட்டு, வேணுங்குறப்ப வெளிய வந்து, திரும்ப ஒளிஞ்சு... அப்படி ஏமாத்துவாங்கல்லா. அதுக்காக எழுதுனேன். எழுதும்போது ரொம்ப அழகா இருந்துச்சு.”

சூழ்நிலையை மாற்றிப் பார்த்தோம். விளக்கை அணைத்தோம். ஜெனிட்டா பட்டுச் சேலை கட்டி வந்தாளாம். உலகு ஒத்துக்கொள்கிறான்: நன்றாக இருந்ததாம். புரோட்டாக் கல்லில் கரண்டியால் அடித்தாளாம். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கொத்து புரோட்டா ஆர்டர் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தாசில்தார், “எதிராளியைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை,” என்றது. அது பொய் சொல்லும் பெட்டி அல்ல.

விஷயம் ஹாஸ்டலில் பரவி, வியாழக்கிழமைக்குள் ஜெனிட்டாவைத் தேடி ஒரு கூட்டமே வந்துவிட்டது. ஒருவனுக்கு ரூம்மேட்டின் குறட்டை கேட்கக் கூடாது. ஒருவனுக்குப் பழைய காதலியைக் கண்ணில் படாமல் செய்ய வேண்டும். ஒருவனுக்கு அப்பாவின் தொலைபேசி மணி. ஹாஸ்டல் காப்பாளர் தனியாக அழைத்து, இது ஒரு யோசனைதான் என்ற முன்னுரையோடு, மெஸ் சாம்பாரைப் பையன்கள் கவனிக்காமல் இருக்க வழியுண்டா என்று விசாரித்தார்.

“இத்தன பேரு கேட்டாங்க,” என்று ஜெனிட்டா மன்சூரிடம் சொன்னாளாம். “எல்லாருக்கும் ஒருத்தர ஒண்ணுமில்லாம ஆக்கணும். இன்னும் நல்லாத் தெரியணும்னு ஒருத்தர்கூடக் கேக்கல.”

அந்த வாரம் அவள் ஹாஸ்டலிலிருந்து கல்லூரிக்கு வரும் பேருந்தில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். பின்சீட்டில் உலகு. “உன் காதுகிட்ட என்னமோ பேசிக்கிட்டே வந்தாடே,” என்றான். “நான் கேக்கல. கேட்டேன். ஆனா சொல்லமாட்டேன்.” சாப்பாட்டைத் தவிர வேறெதிலும் உலகு அதுவரை உறுதியாக இருந்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என் நகைச்சுவைதான் அந்த வாரம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. என்ன சொன்னாலும் யாரும் சிரிக்கவில்லை. மன்சூர் என் ஜோக்குக்கு எப்போதும் சிரித்ததில்லை, உலகுக்குப் புரிந்ததில்லை. அப்படியானால் இத்தனை நாளாக யார் சிரித்துக்கொண்டிருந்தது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

*

ஞாயிறு வந்தது. மன்சூர் இரண்டு இரவு தூங்காத கண்களோடு வந்தான். தன் விதிப்புத்தகத்தைத் தானே எதிரியைப் போலப் படித்திருக்கிறான்.

“ஐம்பத்தாறாம் விதி,” என்று மேசையைத் தட்டினான். “ஒளிந்திருப்பவர் தாக்கினால் உடனே வெளிப்படுவார். தாசில்தார், இது இருக்கா இல்லயா?”

“உள்ளது.”

“இதுக்கு விழிப்புச் சோதன வேணுமா?”

“தேவையில்லை. அடி வாங்கியவருக்குத் தெரியும்.”

உலகு குதித்தான். “அப்புறம் என்ன! ஜெனி, போடு அவன!”

எல்லாரும் பட்டைகளை மாட்டினோம். என் முதுகில் ஏதோ பட்டதுபோல் இருந்தது. கொசு என்று நினைத்தேன்.

“தாக்குதல் செல்லாது,” என்றது தாசில்தார். “தாக்குதல் என்பது பகையோடு செய்வது. விளையாட்டுக்கு அடிப்பது கணக்கில் வராது. தாக்கியவரின் பட்டையில் பகை காணப்படவில்லை.”

மன்சூர் உலகை முறைத்தான். அந்த விதி உலகுக்காகவே எழுதப்பட்டது. ஆட்டத்தின் நடுவே எல்லாருக்கும் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டு, தாக்குதலில் வென்றதாக அறிவித்துக்கொண்டிருந்தவன் அவன்.

“ஏ ஜெனி, கொஞ்சம் கோவத்தோட அடி,” என்றான் மன்சூர். கொசு இன்னொரு தடவை கடித்தது.

“பகை காணப்படவில்லை.”

“அவன் உன்கிட்ட லேப் நோட்ட வாங்கிட்டுத் தொலச்சானே, அத நெனச்சுக்க.”

கொசு.

“பகை காணப்படவில்லை. வேறு சில உணர்வுகள் காணப்படுகின்றன. அவற்றுக்கு விதி இல்லை. விவரம் வேண்டுமா?”

உலகு கூரையைப் பார்த்தான். மன்சூர் அவசரமாக, “வேண்டாம் வேண்டாம்,” என்றான்.

“என்னல ஆச்சு?” என்றேன்.

“அவளுக்கு உன்மேல கோவமே வரமாட்டேங்குடே,” என்றான் உலகு. “முட்டிக்கிட்டு நிக்கா. வரல. இப்ப அழுதுட்டா.”

“ஏன் அழுதா?”

“அடிக்க முடியலன்னு.”

ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மன்சூர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. தான் கட்டிய வீட்டுக்குள் தானே பூட்டிக்கொண்டவன் முகம். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எதிர் நாற்காலி இருக்கும் என்று கணித்த திசையில் திரும்பி, என் குரலில் எவ்வளவு அன்பு வருமோ அவ்வளவையும் வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

“அழாத ஜெனி. பெரிய விஷயமே இல்ல. இந்த ஒரு வாரத்துல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. இப்படியே இருந்தாக்கூடப் பரவாயில்ல.”

மன்சூர் கையால் வாயை மூடிக்கொண்டான். உலகு, தன் தட்டைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

“பகை காணப்படுகிறது,” என்றது தாசில்தார். “போதுமானது.” ஒரு கணம் நிறுத்தி, “மிகவும் போதுமானது,” என்றது.

அறை விழுந்தது.

முதலில் சத்தம். பிறகு கன்னம். பிறகு, ஒரு முழு வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் கொண்டுவந்து இறக்கியதுபோல், ஜெனிட்டா. சிவந்த மூக்கு. ஒரு பக்கம் அறுந்து தொங்கும் பட்டை ஒயர். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. அது இடது கை.

“நீ இடது கைப் பழக்கமா?” என்றேன்.

“ரெண்டு வருசமா உன் எதிர்ல உக்காந்து திங்கேன்ல, எரும!” என்றாள். எருமை என்ற சொல் அவ்வளவு தெளிவாக என் காதில் அதுவரை விழுந்ததில்லை.

உலகு கூரை அதிரக் கத்தினான். மன்சூர் என் கன்னத்தில் இருந்த விரல் தடத்துக்கு முத்தம் கொடுத்தான். சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த அண்ணாச்சி எங்களைப் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் எவ்வளவோ பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் தாசில்தாரைக் கவனிக்கவில்லை. அது தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது: “ஐம்பத்தாறாம் விதி, இரண்டாம் பத்தி. தாக்கப்பட்டவர், தன்னைத் தாக்கியவரை ஆட்டம் முடியும்வரை கவனித்துக்கொண்டே இருப்பார். உத்தரவு உடனடியாக அமலுக்கு வருகிறது.”

*

அது என்ன என்று எனக்கு மறுநாள் காலை புரிந்தது.

வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வராந்தாவில் இருநூறு ஜோடிச் செருப்புகள் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு ஜோடி ஜெனிட்டாவுடையது என்று தெரிந்தது. வலது செருப்பு லேசாக இழுபட்டது. கேன்டீனில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாலும், பொங்கலிலிருந்து மிளகைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பது தெரிந்தது. கணக்குப் போடும்போது உதடு அசைந்தது. வீட்டிலிருந்து போன் வந்தால் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என் ஜோக்குக்குச் சிரித்தாள். சத்தமில்லாமல், மூக்கால். அதைக் கேட்டதும் முந்தின வாரத்தின் மந்தம் என்ன என்று எனக்குப் புரிந்து, சொல்லவந்த அடுத்த ஜோக் மறந்துபோனது.

இதை அவளிடம் சொல்லிவிட்டேன். மறைத்தால் அது சரியாக இருக்காது என்று பட்டது. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை. “நான் எங்க இருக்கேன், என்ன பண்ணுதேன்னு உனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கா?”

“ம்.”

“எனக்கு அது ஒரு மாதிரி இருக்குல இசக்கி. முந்தி நான் இல்லவே இல்ல. இப்ப எனக்கு ஒளிய எடமே இல்ல. நடுவுல ஒண்ணு இருக்கும்லா?”

“எனக்கும் தூக்கம் வரல. உன் ஹாஸ்டல் பக்கம் திரும்பாமப் படுக்க வேண்டியிருக்கு.”

“அப்ப ஆட்டத்த முடிச்சிரலாம். முடிஞ்சா பூட்டுத் தொறந்திரும். ரெண்டு பேருக்கும் பழையபடி ஆயிரும்.”

“முடிச்சிரலாம்,” என்றேன். அது அவள் உரிமை. நான் என்ன சொல்ல முடியும்? பழையபடி என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுபவள் எந்தக் கையால் சாப்பிடுகிறாள் என்று தெரியாத பழையபடி.

மன்சூர் ஒத்துழைத்தான். மாதக்கணக்கில் நடக்க வேண்டிய கதையை ஒரே மதியத்தில் சுருட்டி, கருங்கோட்டையின் அரக்கனை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அரக்கனுக்கு வயிற்றுவலி என்றும் சேர்த்துச் சொன்னான். உலகின் மல்லன் அவன் காலை வெட்டினான். என் மந்திரவாதி அவன் கண்ணைக் கட்டினான். கடைசி வெட்டு களவாணிக்கு. ஐந்துக்கு மேல் எது விழுந்தாலும் அரக்கன் சாவான்; ஆட்டம் முடியும்.

பகடையில் என்ன விழுந்தது என்பதை உருட்டியவரே சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு மரியாதை. தாசில்தாருக்கு அதைச் சரிபார்க்கக் கண் கிடையாது.

ஜெனிட்டா பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினாள். என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் அதிக நேரம் குலுக்கினாள். உருட்டினாள். அது சால்னாக் கிண்ணத்தில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி, நின்றது.

இருபது.

கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. இடது கை பகடையின்மேல் விழுந்து மூடிக்கொண்டது.

“மூணு,” என்றாள்.

“தாக்குதல் தவறியது,” என்றது தாசில்தார். “ஆட்டம் தொடர்கிறது.”

மன்சூர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “மூணா? வயித்துவலிக்காரனையா விட்ட? கைய எடு ஜெனி, பாப்போம்.”

“ஏன்ல, என்மேல நம்பிக்க இல்லயா?” அவள் கையை எடுக்கவில்லை. கழுத்தோரம் ஒரு நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

மன்சூர் என் பக்கம் திரும்பினான். “இசக்கி, நீதான் இவள கண்ணெடுக்காமப் பாக்குதவன். நீ சொல்லு. என்ன விழுந்துச்சு?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு புரோட்டாவைப் பிய்த்து, சால்னாவில் நனைத்து, வாயில் வைத்துக்கொண்டேன்.

“நான் கவனிக்கலயே,” என்றேன்.